வெஸ்லியின் கோபத்தில் நியாயம் இருந்தது

விக்டோரியா காலத்து ஆங்கிலத் தேவாலய இசையைப் பற்றி எழுதுகிறவர்கள், சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி என்ற பெயர் வந்ததும் இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்வார்கள். அவர் தம் காலத்தின் தலைசிறந்த ஆர்கன் கலைஞர். எந்த ஊரிலும் யாரோடும் ஒத்துப்போகாதவர். ஹெரிஃபோர்ட், எக்ஸிடர், லீட்ஸ், வின்செஸ்டர், குளோஸ்டர் என்று 1832 முதல் 1876இல் இறக்கும்வரை அவர் ஐந்து ஊர்களில் பணியாற்றியதை இரண்டாவது கூற்றுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். குணக்கேடு என்று எளிதில் ஒதுக்கப்படும் அந்தச் சச்சரவுகளின் பெரும்பகுதிக்கு அவரை வேலைக்கு வைத்திருந்த திருச்சபையே காரணம் என்பது என் கருத்து.

ஹெரிஃபோர்டில் நடந்ததையே பாருங்கள். அங்கே ஆண் குரல்களைப் பாட வேண்டியவர்கள் குருப்பட்டம் பெற்றவர்கள். வெளியே கவனிக்க வேண்டிய சொந்தப் பங்குகளும், அதாவது குருவாக அவர்கள் பொறுப்பில் இருந்த ஊர்ச் சபைகளும், அவர்களுக்கு இருந்தன. ஓர் ஈஸ்டர் ஆராதனைக்கு, கிறிஸ்தவ ஆண்டின் மிகப் பெரிய நாளுக்கு, இருபத்தைந்து வயதுகூட ஆகாத வெஸ்லிக்குக் கிடைத்தவை சிறுவர்களின் குரல்களும் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஆண் குரல் ஒன்றே ஒன்றும்தான். அந்த பாஸ் குரலுக்கு உரியவர், பேராலயத்தின் தலைமைக் குருவான டீன் வீட்டுப் பணியாளர் என்று சொல்வதுண்டு. இந்தப் பற்றாக்குறைக்கு ஏற்பப் பேதுருவின் முதல் நிருப வசனங்களுக்கு அவர் அமைத்த இசை, ஒரு சிறுவன் தனியே பாட மற்றச் சிறுவர்கள் பதில் பாடும் நடுப்பகுதியோடு, இன்றும் ஆங்கிலப் பேராலயங்களில் ஒலிக்கிறது. இதை மேதைமையின் வெற்றி என்று கொண்டாடுவார்கள். பேராலய நிர்வாகத்தின் வெட்கக்கேடு என்றும் சொல்லியிருக்க வேண்டும். (அதே டீனின் தங்கையை 1835இல் மணந்துகொண்டு அந்த ஆண்டே எக்ஸிடருக்குப் புறப்பட்டுவிட்டார் என்பது தனிக் கதை.)

எக்ஸிடரை விட்டு 1842இல் லீட்ஸ் சென்றார். லீட்ஸில் அவர் இருந்தது பேராலயம்கூட அல்ல, தொழில் நகரமொன்றின் பங்குக் கோயில். ஆனால் இசை வழிபாட்டில் அக்கறை கொண்ட ஹூக் என்ற குருவானவர் அங்கே இருந்தார். பேராலயங்களின் நிலையைச் சாடி, சீர்திருத்தத் திட்டத்தோடு வெஸ்லி 1849இல் வெளியிட்ட சிறுநூல் இந்தப் பின்னணியில் பிறந்தது. நாள்தோறும் வழிபாட்டுக்கு வரும் ஆண் பாடகர்கள் பன்னிரண்டு பேருக்குக் குறையக் கூடாது என்றார் அவர். கணக்கு எளிது. பாடகர் குழு எதிரெதிராக இரு அணிகளாக நிற்கும். ஒவ்வோர் அணியிலும் ஆல்டோ (உயர்ந்தது), டெனர் (நடுத்தரம்), பாஸ் (தாழ்ந்தது) என மூன்று வகை ஆண் குரல்கள் வேண்டும். குரலுக்கு இருவர் இருந்தால்தான் ஒருவருக்கு இருமல் வந்தாலும் இசை நிற்காது. அதோடு பாடகர்களுக்கு வாழத்தக்க ஊதியமும் இசையை நடத்துபவருக்கு அதிகாரமும் கேட்டார். இவற்றில் எது அதிகப்படியான கோரிக்கை என்று எனக்கு விளங்கவில்லை.

அவரைக் குற்றமற்றவராக்குவது என் நோக்கமன்று. வின்செஸ்டரில் ஆராதனைகளை உதவியாளர்களிடம் ஒப்படைத்துவிட்டு மீன்பிடிக்கப் போனார். வராமைக்காக நிர்வாகக் குழு கண்டித்தது. கடமை தவறியவர் பிறர் கடமையைப் பற்றி எழுதும்போது எதிராளிகளுக்கு வேலை சுலபமாகிவிடுகிறது. ஆனால் 1851ஆம் ஆண்டு மாபெரும் கண்காட்சிக்காக ஹென்றி வில்லிஸ் செய்த ஆர்கனை வாங்கும்படி வற்புறுத்தி, அதன் பெரும்பகுதி 1854இல் வின்செஸ்டருக்கு வந்துசேரக் காரணமாக இருந்தவரும் அதே மனிதர்தான்.

அங்கே இருந்தபோதுதான் 1864இல் ‘ஆரேலியா’ மெட்டு வெளிவந்தது. தமிழ்ச் சபைகளில் ‘சபையின் அஸ்திபாரம்’ பாடுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பெயர் அறியாமலே அந்த மெட்டைப் பாடுகிறார்கள். நல்ல மெட்டுதான்; ஆனாலும் அதை மட்டும் கொண்டு அவரை எடைபோடுவது நியாயமன்று. 1832இல் ஹெரிஃபோர்ட் ஆர்கன் மீண்டும் இயங்கத் தொடங்கியதையொட்டி, ஏசாயாவின் வனாந்தர வசனங்களுக்கு அவர் எழுதிய நீண்ட படைப்பில் ஆர்கன் பாடகர்களுக்குத் துணையாக மட்டும் நிற்பதில்லை, அவர்களோடு சரிசமமாகப் பேசுகிறது. அதைப் பரிசுக்கு அனுப்பியபோது, சாமர்த்தியமான படைப்பு, ஆனால் பேராலய இசை அல்ல என்று நடுவர் ஒருவர் தள்ளிவிட்டார். பேராலய இசை எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த நடுவரைவிட வெஸ்லிதான் நன்றாக அறிந்திருந்தார் என்பேன்.

1873இல் பிரதமர் கிளாட்ஸ்டன் ‘சர்’ பட்டம் அல்லது ஆண்டுக்கு 100 பவுண்டு அரசு உதவித்தொகை என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார். வெஸ்லி உதவித்தொகையைத் தேர்ந்தார். பாடகர்களின் ஊதியத்துக்காக 24 ஆண்டுகளுக்கு முன்பே பேராலயங்களோடு எழுத்தில் சண்டையிட்டவர் பட்டத்தை வாங்கியிருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.