பதின்மூன்று நாள் மந்திரி

எங்கள் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்றொரு சொல் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். என் சின்னத் தாத்தா ஒரு சொல்தா, பிரெஞ்சு இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம் பக்கம்) சைகோனில் இருந்தவர். சாயங்காலம் ஆனால் பெத்தாங் என்ற இரும்புக் குண்டு விளையாட்டு, கூடவே வாய் நிறைய அரசியல். மெந்தேஸ் பிரான்ஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவர் வாயில்தான், அதுவும் வசவாக. “இந்தோசீனாவையும் விட்டான், நம்மூரையும் விட்டான்” என்பார். கணக்கு சரிதான். 1954 ஜூனில் பிரான்ஸின் பிரதமரான அந்த மனிதர் ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனப் போரை முடித்தார். அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களிக்க, நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி கைமாறியது.

இந்த மெந்தேஸ் பிரான்ஸை நாற்காலி வரைக்கும் தள்ளிக்கொண்டு போன பத்திரிகை ஆசிரியரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ழான்-ழாக் செர்வான்-ஷ்ரெய்பெர். பெயர் நீளம் தாங்காமல் பிரெஞ்சுக்காரர்களே ‘ழி-ழி-எஸ்-எஸ்’ என்று சுருக்கிக்கொண்டார்கள். இன்று அவர் பெயரை எடுத்தால் “ஓ, அந்தப் பதின்மூணு நாள் மந்திரியா?” என்று சிரிப்பார்கள். கூடவே ஒரு உபதேசமும் வரும்: பத்திரிகைக்காரன் பத்திரிகையோடு நின்றுகொள்ள வேண்டும், வாயை அடக்கத் தெரியாதவனுக்கு அரசியல் எதற்கு என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தப் பதின்மூன்று நாளுக்காக அவரைக் கேலி செய்பவர்கள் தப்பான இடத்தில் கை வைக்கிறார்கள்.

1924இல் பாரிஸில் பிறந்தவர். வசதியான வீடு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெனரல் தெ கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து அமெரிக்காவில் போர் விமானம் ஓட்டப் பழகினார். இருபத்தைந்து வயதில் ‘லெ மோந்த்’ நாளிதழில் உலக அரசியல் எழுதிக்கொண்டிருந்தார். 1953 மே மாதம் பிரான்சுவாஸ் ழிரூ என்ற பெண் பத்திரிகையாளரோடு சேர்ந்து ‘லெக்ஸ்பிரஸ்’ வார இதழை ஆரம்பித்தார். குடும்பத்துக்குச் சொந்தமான ‘லெ எக்கோ’ என்ற வணிக நாளிதழின் சனிக்கிழமை இணைப்பாக வந்ததுதான் அது. சந்தை நிலவரம் பார்க்க வாங்கினவர் கையில் இந்தோசீனப் போருக்கு எதிரான பத்திரிகை வந்து விழுந்தது! ஒரு வருஷம் கழித்து, அந்தப் போர் பற்றி ராணுவத் தளபதிகள் அரசுக்குக் கொடுத்த ரகசிய அறிக்கையை வெளியிட்டதற்காக இதழைப் பறிமுதல் செய்தார்கள். அடுத்த மாதமே மெந்தேஸ் பிரான்ஸ் பிரதமர்.

பிறகு அல்ஜீரியா, பிரான்ஸின் பிடியிலிருந்து விடுபடப் போராடிக்கொண்டிருந்த நாடு. 1956இல் செர்வான்-ஷ்ரெய்பெரையே லெப்டினன்ட்டாகக் கூப்பிட்டு அங்கே அனுப்பினார்கள். வாயை அடைக்கத்தான் அனுப்பினார்கள் என்று அப்போதே பேச்சு. திரும்பி வந்தவர் பார்த்ததை எல்லாம் தொடராக எழுதினார். ராணுவத்தின் மன உறுதியைக் குலைத்ததாக வழக்குப் போட்டார்கள். அப்போது ஒருவர் அவருக்காகக் கை தூக்கினார். அவருடைய மேலதிகாரி, ஜெனரல் தெ போலார்தியேர். சித்திரவதை கூடாது என்று கட்டளைப் பொறுப்பையே வேண்டாம் என்றவர். செர்வான்-ஷ்ரெய்பெருக்கு ஆதரவாக அவர் எழுதிய கடிதம் 1957 மார்ச்சில் லெக்ஸ்பிரஸில் வந்தது. விலையாக அறுபது நாள் கோட்டைச் சிறை. இந்த ஜெனரலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

என் குறை எங்கே என்றால், எழுதி எழுதியே ஒரு பிரதமரைக் கொண்டுவந்த மனுஷனுக்கு, அட்டைப்படம் போட்டால் ஓட்டு தானாக விழும் என்ற மயக்கம் வந்துவிட்டது. 1963இல் லெக்ஸ்பிரஸில் ‘மிஸ்டர் எக்ஸ்’ என்று பெயர் போடாமல் ஒரு ஜனாதிபதி வேட்பாளரை வாராவாரம் செதுக்கினார்கள். அவருக்கு இன்ன குணம் வேண்டும், இன்ன அனுபவம் வேண்டும் என்று. கடைசியில் முகமூடியைக் கழற்றினால் மர்செய் நகர மேயர் தெஃபேர். அவரும் தேர்தல் வருவதற்குள்ளேயே ஒதுங்கிக்கொண்டார்.

1967இல் ‘அமெரிக்கச் சவால்’ புத்தகம். ஐரோப்பாவின் சொத்தை அமெரிக்க நிறுவனங்கள் ஐரோப்பியர்களின் பணத்தை வைத்தே வாங்குகின்றன, நிர்வாகத்திலும் கணினியிலும் நாம் பின்தங்கிவிட்டோம் என்ற வாதம். பல மொழிகளுக்குப் போய் லட்சக்கணக்கில் விற்றது. ‘பிரெஞ்சு கென்னடி’ என்று புகழ்ந்தார்கள், இவரும் நம்பிவிட்டார் போல.

1970 ஜூனில் நான்சி நகரில் இடைத்தேர்தல். பாரிஸ்–ஸ்ட்ராஸ்பூர்க் நெடுஞ்சாலை தன் ஊர் வழியாக வரவில்லை என்று கோபித்துக்கொண்டு ஒரு எம்.பி. ராஜினாமா செய்துவிட்டு, அதே தொகுதியில் மறுபடி நின்றார். நம்மாள் பாரிஸிலிருந்து போய் இறங்கி அவரையே தோற்கடித்தார். சரி, ஜெயித்தாச்சு, அந்த ரோட்டு விவகாரத்தைப் பார்ப்போம் என்று உட்கார வேண்டாமா? மூன்றே மாதத்தில் போர்தோவுக்குப் போய்ப் பதவியில் இருந்த பிரதமர் ஷபான்-தெல்மாஸை எதிர்த்து நின்றார். போர்தோ ஷபானின் கோட்டை, இருபது வருஷத்துக்கு மேலாக அவர்தான் மேயர். முதல் சுற்றிலேயே கதை முடிந்தது. நம்மாளுடைய அரசியல் அங்கே தொலைந்தது என்பேன். நான்சிக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

இப்போது அந்தப் பதின்மூன்று நாளுக்கு வருவோம். 1974 மே மாதம் ழிஸ்கார் ஜனாதிபதி, ழாக் சிராக் பிரதமர். செர்வான்-ஷ்ரெய்பெருக்குச் சீர்திருத்த அமைச்சர் பதவி, மே 28ஆம் தேதி. பசிபிக்கில் பிரான்ஸ் வானில் அணுகுண்டு வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்த காலம். அதை இவர் எதிர்க்கிறார் என்பது ரகசியமே இல்லை. முந்தின வருஷம்தான் அந்தப் பசிபிக்கில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான தாஹிட்டி வரைக்கும் போய், அதன் தலைநகர் பப்பெயெட்டே தெருவில் ஊர்வலத்தில் நடந்தார். அதே 1973இல் நம்ம ஜெனரல் போலார்தியேரும் ஒரு பாய்மரப் படகில் ஏறி குண்டு வெடிக்கும் முருரோவா தீவின் சோதனை எல்லைக்குள்ளேயே போய்ப் பிடிபட்டார். இதெல்லாம் தெரிந்துதான் ழிஸ்கார் கூப்பிட்டார், தெரிந்துதான் இவரும் போனார். புதிய சோதனைத் தொடர் அறிவிக்கப்பட்டதும் பகிரங்கமாகக் கண்டித்தார். ஜூன் 9ஆம் தேதி பதவி போயிற்று.

இதில் எதற்குக் கேலி? நாற்காலி போகும் என்று தெரிந்தும், ஒரு வருஷம் முன்னால் தெருவில் சொன்னதையே மந்திரியாகவும் சொன்னார். நியாயமான கேள்வி ஒன்றுதான்: ராணுவமும் அணுகுண்டும் ஜனாதிபதி கையில் இருக்கிற நாட்டில், இதைப் பற்றி ஒரு வார்த்தை உறுதி வாங்காமல் ஏன் உள்ளே போனார்? அங்கேயும் அந்தப் பழைய மயக்கம்தான், உள்ளே போனால் நம் பேச்சு எடுபடும் என்று. (ஜூலையிலேயே அதே அரசில் பெண்கள் நலத்துக்கான இணை அமைச்சராக, லெக்ஸ்பிரஸை இவரோடு ஆரம்பித்த ழிரூ சேர்ந்தார். இரண்டு வருஷம் நின்று காட்டினார்.)

அதற்குப் பிறகு எல்லாம் இறங்குமுகம். 1977இல் லெக்ஸ்பிரஸையே விற்றார். 1979 ஐரோப்பியத் தேர்தலில் தனிப் பட்டியல் போட்டு இரண்டு சதவீதம்கூடத் தேறவில்லை. எண்பதுகளில் கணினி, கணினி என்று அலைந்தார். 2006 நவம்பரில் நார்மண்டியில் இறந்தார்.

பதவி பறிபோவதற்கு முந்தின நாள், ஜூன் 8ஆம் தேதி, ஜனாதிபதி மாளிகை ஒரு அறிக்கை விட்டது. இந்தக் கோடைச் சோதனைகள் முடிந்ததும் பிரான்ஸ் பூமிக்கடியில் வெடிக்கும் கட்டத்துக்குப் போகும் என்று. வானில் வெடிப்பதை நிறுத்தப் போகிறோம் என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, வெடிக்காதே என்றவரை மறுநாள் வெளியே அனுப்பினார்கள். அவர் போன ஏழாவது நாள் முருரோவாவில் அந்த வருஷத்தின் முதல் குண்டு வெடித்தது. பூமிக்கடியில் வெடிப்பது 1996 ஜனவரி வரை நிற்கவில்லை.