ஆசிரியர் போதும் என்றால் கால அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை என்று பேச்செடுத்தாலே ஒரே பதில்தான் வருகிறது: "நம் நாட்டில் 13 மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும்?" 2013ஆம் ஆண்டு கல்விப் பெருந்திட்டத்திலும் ஏறக்குறைய இதே விகிதம்தான் இருக்கிறது. எண் பொய் இல்லை. ஆனால் செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் ஆண்டான படிவம் 2இல் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளைக்குக் கணிதம் யார் நடத்துகிறார் என்பதை அந்த எண் சொல்லாது.

யுனெஸ்கோ வெளியிடும் இத்தகைய ஒரு விகிதத்தில் மொத்த மாணவர் தலையைத் தகுதி பெற்ற ஆசிரியர் தலையால் வகுக்கிறார்கள், அவ்வளவுதான். தத்தம் பாடத்தைக் கற்பிக்கத் தேவையான குறைந்தபட்சக் கல்வித் தகுதி உள்ளவரே தகுதி பெற்றவர் என்று விளக்கத்தில் இருக்கிறது. ஆனால் வெளிவரும் எண்ணில் பாடவாரியான பிரிவு கிடையாது. வரலாறு படித்துப் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் பெற்று வந்தவர் ஆங்கிலம் நடத்தினாலும் கணக்கில் ஒரு தகுதி பெற்ற தலைதான்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். 1,200 மாணவர், 75 ஆசிரியர் உள்ள ஒரு தேசிய இடைநிலைப்பள்ளி, அதாவது மலாய்மொழியில் நடக்கும் அரசாங்கப் பள்ளி. விகிதம் 16. இனிக் கழியுங்கள். முதல்வர் ஒருவர், துணை முதல்வர்கள் நால்வர், முழுநேர ஆலோசக ஆசிரியர் இருவர். இவர்களில் சிலருக்கு வாரத்தில் ஓரிரு பாடவேளை இருக்கலாம், சிலருக்கு அதுவும் இல்லை. சிறப்புக் கல்வி வகுப்பில் 24 மாணவருக்கு 6 ஆசிரியர். மிச்சம் 1,176 மாணவர், 62 ஆசிரியர். விகிதம் 19 ஆகிவிட்டது. பிரசவ விடுப்பு, நீண்ட மருத்துவ விடுப்பு என்று மூவர் இல்லை, மாற்று ஆசிரியரும் வரவில்லை என்றால் 20. இது எந்த மோசமான பள்ளியும் இல்லை, சாதாரணமாக நடக்கும் ஒரு பள்ளி.

இன்னும் வகுப்பின் அளவுக்கே வரவில்லை. ஓர் ஆசிரியர் நாள் முழுக்க வகுப்பில் நிற்க முடியாது. ஆனால் ஒரு வகுப்புக்கு எல்லா வேளையும் ஆள் வேண்டும். அதனால் வகுப்பில் உட்காரும் மாணவர் எண்ணிக்கை எப்போதும் விகிதத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். அந்த 1,176 பேரை 32 வகுப்பாகப் பிரித்தால் வகுப்புக்கு 36, 37 பேர். சரவாக் உட்புறத்தில் வகுப்புக்குப் பத்துப் பேர் உள்ள பள்ளியும் கோலாலம்பூரில் நாற்பது பேர் உள்ள பள்ளியும் ஒரே சராசரிக்குள் போய்விடுகின்றன.

இப்போது கணிதத்துக்கு வருவோம். வகுப்புக்கு வாரம் 4 மணி என்றால் 32 வகுப்புக்கு 128 மணி. ஓர் ஆசிரியர் 14 மணி நடத்துவார் என்றால் ஒன்பது பேருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். கணித ஓப்ஷன் உள்ளவர், அதாவது ஆசிரியர் பயிற்சியில் கணிதத்தைத் தம் பாடமாக எடுத்தவர், ஏழு பேர் மட்டும் இருந்தால் 98 மணிதான் தேறும். மீதி 30 மணியை வேறு ஓப்ஷன் ஆசிரியர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஏழெட்டு வகுப்புகள், ஏறக்குறைய 270 பிள்ளைகள். பெரும்பாலும் இந்த வகுப்புகள் கீழ்ப் படிவங்களில்தான் விழும், ஏனென்றால் அனுபவமுள்ள ஆசிரியரைப் படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு வகுப்புக்கு ஒதுக்கிவிடுவார்கள். படிவம் 1இல் இயற்கணிதத்தில் ஓட்டை விழுந்த பிள்ளையைப் படிவம் 5இல் எவ்வளவு நல்ல ஆசிரியரிடம் கொடுத்தும் என்ன பயன்? இதுதான் எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது.

அதே பள்ளியில் இன்னொரு பாடத்துக்கு ஆசிரியர் கூடுதலாக இருப்பார்கள். மொத்தப் பணியிடம் நிரம்பிவிட்டதால் ஆள் கேட்டாலும் காலியிடம் இல்லை என்ற பதில்தான் வரும். 2021இல் 18,702 ஆசிரியரை ஒரே தடவையில் எடுக்கப்போவதாக அமைச்சு அறிவித்தபோது பலரும் மகிழ்ந்தோம். ஆனால் எத்தனை பேரை எடுத்தாலும், எந்த ஓப்ஷன் எந்தப் பள்ளிக்கு என்று பொருந்தாவிட்டால் கால அட்டவணையில் அதே ஓட்டை அப்படியே இருக்கும்.

தமிழ்மொழிக்கு நிலைமை இன்னும் நெருக்கடி. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும். கவனியுங்கள், பள்ளிக்கு 15, வகுப்புக்கு இல்லை. ஒரே படிவத்தில் 15 பேர் இல்லை என்று சொன்னதும் திரும்பி வந்துவிடும் பெற்றோர் ஏராளம். ஆனால் 15 பேரும் ஐந்து படிவங்களில் மும்மூன்றாகச் சிதறிக் கிடந்தால் அட்டவணை போடுபவருக்கும் உண்மையிலேயே சிரமம்தான். ஒரு படிவத்துத் தமிழ் மாணவர் ஆறு வகுப்பில் இருந்தால் ஆறு வகுப்புக்கும் பொதுவான ஒரு வேளை கண்டுபிடிக்க வேண்டும். முடியாதபோது தமிழ் பள்ளி முடிந்த பிறகு மாலைக்குத் தள்ளப்படும். பேருந்துக்கு ஓட வேண்டிய பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். அடுத்த ஆண்டு மாணவர் குறைவு என்று ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்.

அதனால் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் விகிதத்தைக் கேட்காதீர்கள். பாடவாரியாக எத்தனை ஆசிரியர், அவர்களில் எத்தனை பேர் அந்தப் பாடத்தின் ஓப்ஷன், ஓப்ஷன் அல்லாதவர் எந்தெந்த வகுப்பில் நடத்துகிறார், மாற்று ஆசிரியர் இல்லாமல் ரிலீஃப் ஆசிரியர் (அந்த வேளைக்கு மட்டும் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வருபவர்) வெறுமனே உட்கார்ந்திருந்த வேளைகள் எத்தனை என்று கேளுங்கள். ஆசிரியர் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பெயர் கேட்டால் கூட்டம் சண்டையில் முடியும், பழி முழுவதும் கொடுத்த வேலையைச் செய்யும் அந்த ஆசிரியர் தலையில் விழும். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் எழுதும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

தமிழுக்கான கடிதத்தைப் புதிய தவணையின் அட்டவணை போடும் முன்பே முதல்வரிடம் கொடுங்கள். பிள்ளையின் பெயர், படிவம், வகுப்பு, பெற்றோர் கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். 15 போதும் என்று நிற்காமல் 20 கையெழுத்து வாங்குங்கள், இடையில் இரண்டு மூன்று பேர் பள்ளி மாறிவிடுவார்கள். தமிழ் எடுக்கும் பிள்ளைகளை ஒரு படிவத்தில் இரண்டு வகுப்புக்குள் சேர்த்து வைக்க முடியுமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஒரு நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.