வெள்ளைத் தூள் எல்லாம் ஒரே தூள் இல்லை

நேற்று திருமலை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றேன். ஒரு தம்பி வந்து, "சிலிக்கா ஒரு பேக் தாங்கண்ணே" என்று கேட்டார். சிலிக்கா என்றால் மணலாகவும் அரைத்த வெள்ளைத் தூளாகவும் விற்கிற கனிமம், ஒவ்வொரு வேலைக்கு ஒவ்வொரு வகை. என்னத்துக்கு என்று கடைக்காரரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு எழுத்தும் இல்லாத வெள்ளைப் பையைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டார்கள். இரவு முழுக்க அதுதான் மனசில் கிடந்தது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளின் நீச்சல் தடாகங்களுக்கு பில்டர் பூட்டிப் பராமரிப்பது என் தொழில். தொடக்கத்தில் நானும் இப்படிக் கேள்வி கேட்காமல்தான் வாங்கினேன். ஒருமுறை வந்த பையில் பாதி கோதுமை மாப்போல இருந்தது. பம்பைப் போட்டதும் அந்த மா அப்படியே தடாகத்துக்குள் வந்து அடியில் படிந்தது. மூன்று நாள் வேலை வீண், விடுதிக்காரரிடம் நல்ல ஏச்சு. பிறகுதான் தேடிப் படித்தேன். தடாக பில்டருக்கு வேண்டியது 0.45 முதல் 0.55 மி.மீ. வரையான, ஒரே சீரான மணல். பருத்தால் அழுக்குத் தப்பும், சிறுத்தால் அடைக்கும்.

"கடற்கரை நிறைய மண் கிடக்கு, ஏன் நாத்தாண்டியா, மாரவில பக்கத்துச் சிலிக்கா மணலுக்குக் காசு குடுக்கிறாய்?" என்று என் மாமாவே கேட்டிருக்கிறார். நிலாவெளி மண்ணில் சிப்பித்தூள் கலந்திருக்கு மாமா. ஒரு பிடி எடுத்து அசிட் விட்டால் நுரைக்கும். சுத்தமான குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா மணலில் இருக்கிற வெள்ளைக்கல், நுரைக்காது. புல்மோட்டைக் கறுப்பு மண்ணும் இதற்கு உதவாது. அதில் பெறுமதியானவை இல்மனைற், ரூட்டைல், சேர்கன் என்ற வேறு கனிமங்கள். அவற்றுக்கு வேறு உபயோகம்.

தூள் வாங்குகிறவர்கள் மெஷ் கணக்கைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அரிதட்டில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதுதான் மெஷ். எண் கூடக் கூடத் தூள் நைசாகும். 200 மெஷ் என்றால் ஏறக்குறைய 75 மைக்ரோன் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மி.மீ.), 325 மெஷ் என்றால் 45 மைக்ரோன். டைல் ஒட்டும் கலவைக்குக் குறுணி மணல், பெயின்ற்றுக்கும் ரெசினுக்கும் நைசுத் தூள்.

பருமன் மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. கண்ணாடிக்கு இரும்புதான் எதிரி. மணலில் கொஞ்சம் இரும்பு கூடினாலே கண்ணாடி பச்சை அடிக்கும். சம்பூரில் சூரிய மின்திட்டம் என்று பேசுகிறோமே, அந்தப் பனல்களின் மேல்கண்ணாடிக்கு இரும்பு மிகக் குறைந்த மணல்தான் வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தைக் கண்ணாடியே தின்றுவிடும். பனலுக்குள்ளே மின்சாரம் உண்டாக்குகிற சிலிக்கனைச் செய்ய உலையில் போடுவது தூள் இல்லை, கட்டி கட்டியான வெள்ளைக்கல். தூளைக் கொட்டினால் உலைக்குள் வாயு மேலே வர வழி இருக்காது.

பற்பசையிலும் டயரிலும் சிலிக்கா இருக்கிறது, பிறகென்ன பயம் என்று சிலர் கேட்கிறார்கள். அது இரசாயன முறையில் செய்த, படிகமில்லாத சிலிக்கா. கல்லை அரைத்த குவார்ட்ஸ் தூள் வேறு, அது படிகச் சிலிக்கா. பெயர் ஒன்றாக இருப்பதுதான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம். கண்ணுக்குத் தெரியாத அளவு நைசான குவார்ட்ஸ் தூசு நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். 1997 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உறுதிப்படுத்தியது. இந்தத் தூசால் நுரையீரல் தழும்பேறிப் போகிற சிலிகோசிஸ் நோய் வந்தால் நுரையீரலை மீட்டெடுக்க மருந்து இல்லை. எங்கள் பக்கத்தில் பையன்மார் லேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு கல் வெட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. லேஞ்சி அந்தத் தூசை மறிக்காது.

பையில் மூன்று விஷயம் தமிழில் அச்சடித்தால் போதும்: என்ன பருமன், எவ்வளவு சுத்தம், படிகத் தூளா இல்லையா. நாங்கள் வாங்குகிறவர்கள் கேட்டால் கடைக்காரரும் மேலே கேட்பார். நான் இன்று காலை போய் அதே கடையில் கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த மோட்டார் சைக்கிள் தம்பி இதைப் படித்தால், தயவுசெய்து பையை அறைக்குள் வைத்துக் கொட்ட வேண்டாம். வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் திறவுங்கள். என்ன வேலைக்கென்று எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், எந்தப் பருமன் வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.