ஊருக்கு வருகிறேன், ஆனால் எல்லார் வீட்டுக்கும் நர்ஸாக அல்ல

குவைத்திலிருந்து ஊருக்குத் திரும்புவதைப் பற்றி ஆண்கள் பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு சேர்த்தால் போதும், என்ன கடை வைக்கலாம், ரப்பர் தோட்டம் வாங்கிப் போடலாமா, வாடகைக்கு வீடு கட்டலாமா. எல்லாம் பணக் கணக்கு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, கையில் பணம் இல்லாமல் ஊரில் ஒரு மாதம் ஓட்ட முடியாது. ஆனால் நர்ஸ் வேலைக்கு வந்த எங்களைப் போன்ற பெண்கள் இதே விஷயத்தைப் பேச உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போகிறது. வீட்டில் யாருக்கு முடியவில்லை, யார் படுக்கையில் விழுந்துவிட்டார்கள், யாரை யார் பார்ப்பது. ஊரில் எனக்கு வேலை கிடைக்குமா என்று நாங்கள் விசாரிப்பதற்கு முன்பே எங்களுக்கான வேலையை வீட்டில் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். சம்பளமும் லீவும் இல்லாத வேலை. இதை யாராவது வெளிப்படையாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தோன்றுகிறது.

என் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம். அப்பா பிறந்தபோது அது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். எல்லை மாறியதே தவிர ஆஸ்பத்திரி மாறவில்லை. பெரிய நோய் என்றால் எங்களுக்கு இன்றும் திருவனந்தபுரம்தான். மெடிக்கல் காலேஜ், புற்றுநோய்க்கு ஆர்.சி.சி., இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீசித்திரா. விமானம் ஏறுவதும் அங்கேதான். நர்ஸ் படிப்பு எங்கள் வீடுகளுக்குள் வந்ததும் அந்த வழியில்தான். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கேரளப் பெண்கள் படித்து முடித்து வளைகுடாவுக்குப் போய் வீட்டை நிமிர்த்துவதைப் பார்த்துத்தான் எங்கள் அப்பாமார் மகள்களை நர்சிங் காலேஜில் சேர்த்தார்கள். என் அப்பா ரப்பர் விளையில் பாதியை ஒற்றிக்கு வைத்து என்னைப் படிக்க வைத்தார். அந்த ஒற்றியைத் திருப்பியது என் சம்பளம். அண்ணன் வீட்டுக்கு மேல்தளம் போட்டதும், தங்கையைக் கட்டிக் கொடுத்ததும் அதே சம்பளம்தான். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, சந்தோஷமாகச் செய்தேன்.

குவைத்தில் நிரந்தரமாக இருக்க முடியாது என்பது வந்த அன்றே எல்லாருக்கும் தெரியும். எத்தனை வருடம் உழைத்தாலும் வேலை போனால் இகாமாவும், அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதியும், போச்சு. என்னோடு வேலை பார்த்த மூத்த சேச்சி ஒருவர் 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை நுழைந்தபோது இங்கே இருந்தவர். ஒரு பையில் சர்ட்டிபிகேட்டும் இரண்டு சுடிதாரும் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் பாக்தாத் வழியாக அம்மான் போய், அங்கே காத்துக் கிடந்து விமானம் ஏறியிருக்கிறார். அப்போது அந்த வழியாக ஒன்றரை லட்சம் இந்தியர்களுக்கு மேல் ஊர் வந்து சேர்ந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, இந்தியர்களை ஊருக்கு அழைத்து வர அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில் இடம் கேட்டு நின்றவர்களை நானே பார்த்தேன். ஆக, திரும்புவது நிச்சயம். எப்போது என்பதும், எப்படிப்பட்ட வாழ்க்கைக்கு என்பதும்தான் நம் கையில் இருக்கிறது.

போன லீவில் ஊருக்கு வந்த மறுநாள் காலை, பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, பெரியப்பா வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் கால் புண்ணைக் கொஞ்சம் பார்க்க வேண்டுமாம். போனேன். சர்க்கரை உள்ளவர், விளையில் செருப்பு இல்லாமல் நடந்து பெருவிரலுக்கு அடியில் ஏதோ குத்தியிருக்கிறது. மேலாகப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருந்தது. சுற்றிலும் தோல் தடித்து, ஓரத்தில் அழுத்தினால் சீழ் வந்தது. கால் மரத்துப்போனதால் அவருக்கு வலியே இல்லை. வலிக்காததுதான் இதில் ஆபத்து, வலி இல்லை என்று விட்டுத்தான் நிறையப் பேர் விரலை இழக்கிறார்கள். சலைன் வாங்கி வரச் சொல்லிக் கழுவினேன், செத்த தோலை எடுத்தேன், கட்டுப் போட்டு அன்றைக்கே மார்த்தாண்டத்தில் சர்ஜனிடம் அனுப்பினேன். அப்புறம் லீவு முடிகிற வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் நானே கட்டு மாற்றினேன். புண்ணின் அடியிலிருந்து சிவப்பாகச் சின்னச் சின்ன மணியாகச் சதை ஏறி வருவதைப் பார்க்கிற சந்தோஷம் இத்தனை வருட வேலைக்குப் பிறகும் எனக்குக் குறையவில்லை.

கடைசிக் கட்டு மாற்றிய அன்று மைனி (அண்ணி) சொன்னார், "நீ மட்டும் ஒரேயடியா வந்துட்டா எங்களுக்கு ஒரு கவலையும் இல்ல பாத்துக்கோ." அன்பாகத்தான் சொன்னார். இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பெரியப்பாவின் கால், அம்மாவின் மூட்டு, அப்பாவின் பிரஷர், என் மாமியாருக்கு இரண்டு வருடமாக இருக்கும் மறதி நோய், எல்லாம் அந்த நிமிடத்தில் என் பேருக்கு எழுதியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்து என்ன செய்யப் போகிறார் என்று அன்றைக்கே மூன்று பேர் கேட்டார்கள். ஏ.சி. மெக்கானிக், கடை போடலாம், ஆள் வைத்துச் செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனையும் சொன்னார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மறதி நோய் உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் என்ன என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கதவைத் திறப்பார்கள். சாப்பிட்டதை மறந்து சாப்பாடு தரவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். குளிக்க வைக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் இதே வேலைக்கு மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் போடுகிறோம். வீட்டில் ஒரே பெண் செய்ய வேண்டும், அவள் நர்ஸாக இருந்தால் முகம் சுளிக்காமலும் செய்ய வேண்டும். எங்கள் ஊர் அக்கா ஒருவர் சவுதியில் தம்மாமில் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்தவர். வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்வார். மாமியாரைப் பார்க்க ஆள் இல்லை என்று திரும்பினார். ஆறு வருடம் பார்த்தார். மாமியார் போன பிறகு வேலைக்குப் போக நினைத்தபோது, நர்ஸ் வேலை பார்க்கத் தேவையான நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதியாகியிருந்தது, இடைவெளி அதிகம் என்று ஆஸ்பத்திரிகளில் தயங்கினார்கள். நடுமுதுகு போய்விட்டது. இன்று தைராய்டு மாத்திரை வாங்கக்கூட மகன் கையை எதிர்பார்க்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

அம்மா அப்பாவைப் பார்க்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்காகத்தான் திரும்பவே நினைக்கிறேன். ஆனால் வெளியே இருந்த காலம் முழுக்கப் பணம் அனுப்பியவளே திரும்பி வந்த பிறகு உடம்பாலும் மொத்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்றால் அது நியாயம் இல்லை. ஊரிலேயே இருந்தவர்களுக்கும் பங்கு உண்டு. அண்ணனுக்கு உண்டு, தங்கைக்கு உண்டு, என் வீட்டுக்காரருக்கும் நாத்தனாருக்கும் அவர்கள் அம்மா மேல் என்னைவிட அதிகமாகவே உண்டு. பகலுக்கு ஹோம் நர்ஸ் வைக்கலாம், செலவைப் பிரித்துக்கொள்ளலாம். அந்நிய ஆளை வைத்துப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்கிறார்கள். ஊர் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கும், அதற்காக என் முதுகைக் கொடுக்க முடியாது.

இதை வீட்டில் சொன்னேன். எல்லாரையும் வீடியோ காலில் உட்கார வைத்துச் சொன்னேன். நான் முதலில் ஊரில் ஒரு வேலையில் சேர்வேன், அப்புறம்தான் மற்றதெல்லாம். வாரத்தில் என்னுடைய நாட்கள் எவை, அண்ணனுடையது எவை என்று முன்னாலேயே பேசிக்கொள்வோம். மாமியாருக்குப் பகலில் ஆள் வைப்போம், இரவில் மகன் பார்ப்பார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வீட்டுக்குள்ள இப்படியா கணக்கு பேசுவாங்க" என்றார். அப்பா அதுவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார், "ரப்பர் மரத்தையே பாலெடுக்க ஒருநாள் விட்டு ஒருநாள்தாம்ல வெட்டுகோம். அவ சொல்லது சரிதான்." அம்மா என்னைப் பார்த்து, "மக்களே, நீ வேலைக்குப் போ. எனக்குக் கஞ்சி வைக்க எனக்குத் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு அண்ணனும் மறுத்துப் பேசவில்லை. ஞாயிறும் புதனும் தன்னுடைய பொறுப்பு என்று அவராகவே சொன்னார்.

வேலை விஷயத்தில் எல்லையில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. நர்ஸ்களின் பெரிய போராட்டத்துக்குப் பிறகு 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கு அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று உத்தரவு போட்டது. அதே ஆண்டு நம் பக்கத்தில் அதில் பாதிகூடக் கொடுக்காத இடங்கள் எனக்குத் தெரியும். களியக்காவிளையிலிருந்து கேரளத்துப் பாறசாலையோ நெய்யாற்றின்கரையோ பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். ஆனால் தமிழ்நாட்டுக் கவுன்சில் பதிவை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்க முடியாது, கேரளக் கவுன்சிலிலும் பதிய வேண்டும். வெளிநாட்டில் இருக்கும்போது தமிழ்நாட்டுப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் முதலில் அதைச் சரி செய்யுங்கள். டிக்கெட் போட்ட பிறகு அலைய முடியாது.

வேலையை விட்டு வரும்போது கம்பெனி தருகிற சர்வீஸ் பணம் பற்றியும் சொல்ல வேண்டும். குவைத்தில் பதினெட்டாம் நம்பர் விசாவில், அதாவது தனியார் கம்பெனி விசாவில், மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்கு முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 15 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தம் ஒன்றரை வருடச் சம்பளத்தைத் தாண்டாது. பத்து வருடம் முடித்திருந்தால் நாமாக ராஜினாமா செய்தாலும் முழுசாகக் கிடைக்கும். இந்தப் பணம் வரப்போகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு திட்டம் இருக்கும். பெண்களே, அது உங்கள் பேரில் தனிக் கணக்கில் இருக்கட்டும். நிரந்தரமாக வந்துவிட்டால், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கையும் வங்கியில் சொல்லி மாற்றியாக வேண்டும். மருத்துவக் காப்பீட்டை வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். இங்கே கம்பெனி தருகிற காப்பீடு வேலையோடு முடிந்துவிடும், ஊரில் புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

என்னோடு வேலை பார்க்கிற கோட்டயத்துக்காரத் தோழிக்கு இவ்வளவு குழப்பம் இல்லை. கேரளத்தில் 1996-லேயே வெளியே வேலை பார்க்கிற மலையாளிகளுக்கென்று நார்க்கா என்று ஒரு துறை வந்துவிட்டது. இரண்டு வருடமாவது வெளியே வேலை பார்த்துத் திரும்பியவர்கள் தொழில் தொடங்க 30 லட்சம் வரை கடன், அதில் 15 சதவீதம், அதிகபட்சம் 3 லட்சம், மானியம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. அவள் அதில் லேப் வைக்கப் போகிறாள். நம் பக்கமும் அயலகத் தமிழர் நலவாரியம் இருக்கிறது, ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினம் என்று கொண்டாடுகிறோம். ஆனால் எங்கள் ஊரில் போய் விசாரித்தால் விவரம் சொல்ல ஓர் ஆள் இல்லை. இத்தனை நர்ஸ்களை வெளியே அனுப்புகிற மாவட்டத்தில், திரும்பி வருகிறவளுக்கு என்ன பதிவு, எங்கே வேலை, என்ன உதவி என்று சொல்ல தாலுகாவுக்கு ஒரு மேஜையாவது போடக் கூடாதா?

பிள்ளைகள் விஷயம்தான் தேதியை முடிவு செய்கிறது. மகள் இங்கே சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு. இரண்டாம் மொழி ஹிந்தி. வீட்டில் தமிழ் பேசுவாள், ஸ்கூல் பஸ்ஸில் மலையாளம், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இப்போதே அழைத்து வந்து நம் மாநிலப் பாடத்திட்டத்தில் சேர்த்தால் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வு எழுத வேண்டும், அவளால் முடியாது. பத்தாம் வகுப்பை இங்கே முடித்துவிட்டுப் பிளஸ் ஒன்னுக்கு ஊரில் சேர்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். வெளியே படித்த பிள்ளைகளுக்கு மெடிக்கல் கவுன்சலிங்கில் தமிழ்நாட்டு இடத்துக்கு இருப்பிடச் சான்று கேட்பார்கள், அதற்கான பெற்றோர் ஆவணங்களை இப்போதே எடுத்து வைக்கிறோம். மகன் சின்னவன், அவன் வந்து தமிழ் படித்துக்கொள்வான்.

ஆக, அடுத்த வருடம் மகளுடைய பரீட்சை முடிந்ததும் நானும் பிள்ளைகளும் வருகிறோம். வீட்டுக்காரர் கணக்கெல்லாம் முடித்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருவார். அதற்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்தாக வேண்டும். டயாலிசிஸ் யூனிட் அனுபவம் உண்டு, காயப் பராமரிப்பில் தனிப் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வேலைக்குப் போய்வருகிற நம் ஊர்ப் பெண்கள் யாராவது இதைப் படித்தால், கேரளக் கவுன்சில் பதிவு உங்களுக்கு எவ்வளவு நாளில் கிடைத்தது, நைட் ஷிப்ட் முடிந்து வர வண்டி வசதி எப்படி என்று எனக்கு எழுதுங்கள்.