ராம்சார்னா வயல் பறிபோகும்னு யாரு சொன்னா?

மேல ஒரு அண்ணாச்சி போட்டிருக்காரு, குமரி மாவட்டத்து சுசீந்திரம் தேரூர் குளத்தை ராம்சார் லிஸ்ட்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேத்தாச்சு, இனி சுத்தி உள்ள வயலெல்லாம் கவர்மெண்டுக்கு போயிரும், இப்பவே வித்துருங்கன்னு. தப்பு அண்ணாச்சி. 2022ல சேத்தது உண்மைதான், ஆனா அது மொத்தமே 94 ஹெக்டேர் சொச்சம், அதுல சேர்றதுனால மட்டும் யாரு பட்டாவும் மாறாது, நிலத்தை எடுக்கணும்னா அதுக்கு நோட்டீசு நஷ்டஈடுன்னு தனிச் சட்டம் இருக்கு.

கட்டுப்பாடு வர்றது 2017 ஈரநில விதியில. குளத்துல மண்ணடிச்சு பிளாட் போடக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, சாக்கடைய சுத்தம் பண்ணாம விடக்கூடாது, அந்த விதி வந்ததுக்கு முந்தின 10 வருசத்துல தண்ணி ஏறுன சராசரி உயர்மட்டத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் கூடாது, இந்த மாதிரி தடைதான். நெல்லு நடுறதுக்கு எங்க தடை இருக்கு? ராத்திரி கோழிக்கழிவு மூட்டைய கரையில தள்ளிட்டு ஓடுறவனுக்குத்தான் இது வில்லங்கம்.

லேண்ட் டிரஸ்ட்னாலே, அதாவது இயற்கை நிலத்தைப் பாதுகாக்குற அமைப்புனாலே, நிலத்தை எழுதி வாங்கிருவானுவன்னு இன்னொருத்தர் சொன்னதும் முழுசா சரியில்ல, அமெரிக்கால நிறைய இடத்துல நிலம் ஓனர் பேர்லயேதான் கெடக்கும், பிளாட் போடுற உரிமைய மட்டும் பத்திரம் போட்டு விட்டுக்குடுப்பாங்க.

சந்தேகம் உள்ளவங்க விக்கதுக்கு முந்தி சர்வே நம்பரோட கலெக்டர் ஆபீஸ்லயோ வனத்துறையிலயோ போய் எல்லை மேப்ப கேட்டுப் பாருங்க, புரோக்கர்ட்ட கேக்காதீங்க.