டிசிய கையில குடுத்து அனுப்பிடாதீங்க சார்

கடலூர் முதுநகர்ல சாயங்காலம் பத்தாவது பசங்களுக்கு ட்யூஷன் எடுக்குறேன், அந்த அனுபவத்துல இருந்து இத எழுதறேன். கூர்நோக்கு இல்லத்துக்கு (கேஸ்ல மாட்டுன 18 வயசுக்குக் கீழ உள்ள பசங்கள விசாரணை சமயத்துல வைக்கிற இடம்) போயிட்டு வந்த பசங்கள அவன் படிச்ச ஸ்கூலே திரும்ப சேத்துக்கணும், அதுவும் சத்தமில்லாம சேத்துக்கணும்.

இப்ப என்ன நடக்குது? அம்மா புள்ளையக் கூட்டிட்டு எச்எம் ரூம் வாசல்ல போய் நிக்கும், "இவன சேத்தா மத்த பேரன்ட்ஸ் சண்டைக்கு வருவாங்கம்மா, டிசி தரேன் வேற எங்கயாவது பாருங்க"ன்னு அனுப்பிடுவாங்க. வேற ஸ்கூல்ல போனா நடு வருஷத்துல ஏன் டிசி, இத்தன மாசம் எங்க இருந்தான்னு கேப்பாங்க, அந்தம்மா என்னன்னு பதில் சொல்லும்? அப்புறம் துறைமுகத்துல ஐஸ் ஒடைக்கிற வேலைக்குப் போயிடுறான், கத முடிஞ்சுது.

2015 இளைஞர் நீதிச் சட்டம் இதுல தெளிவா இருக்கு. இந்தப் பசங்க கேஸ விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமம் (போர்டு) கேஸ முடிச்ச பிறகு அதக் காரணம் காட்டி அந்தப் பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாதுன்னு 24வது பிரிவு சொல்லுது (16 வயசுக்கு மேல, பெரிய குற்றத்துக்கு பெரியவங்க மாதிரி விசாரிச்சு தீர்ப்பானவங்களுக்கு மட்டும் இது பொருந்தாது). பேரு, அட்ரஸ், படிக்கிற ஸ்கூல் எதையும் வெளிய விடக்கூடாதுன்றது 74வது பிரிவு, மீறினா 6 மாசம் வரை ஜெயில் இல்லன்னா 2 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேத்துகூட போடலாம். தெரு வாட்ஸ்அப் குரூப்ல பையன் போட்டோவ போட்டு "இவன் கிட்ட உஷாரா இருங்க"ன்னு அனுப்புற அண்ணன்மார் தயவுசெஞ்சு இத ஒரு தடவ படிங்க.

பையன ஸ்கூலுக்குப் போன்னு உத்தரவு போட போர்டுக்கு அதிகாரம் இருக்கு, ஆனா அவன் போய் நின்னா கேட்டு தொறக்கணும்ல? கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயசோட நின்னுடுது, கேஸ்ல மாட்டுறது பெரும்பாலும் 16, 17 வயசுல. அந்த இடைவெளியில தான் இந்தப் பசங்க மொத்தமா விழுறாங்க.

பெத்தவங்க பயம் எனக்குப் புரியுது, என் பொண்ணும் அரசுப் பள்ளில தான் படிக்கிறா. ஆனா ஸ்கூல்ல சேக்கலன்னா அவன் எங்க போயிடுவான்? அதே தெருவுல தான் இருப்பான், பகல் பூரா, கேக்க ஆளில்லாம, ஏற்கனவே அவன கெடுத்தவங்க கூடவே. கிளாஸ்ல இருந்தா ஒரு வாத்தியாராவது தினம் அவன் மூஞ்சியப் பாப்பாரு. இந்தப் பசங்கள கண்காணிக்கிற நன்னடத்தை அலுவலர் நல்லவரா இருந்தாலும் திட்டக்குடி, காட்டுமன்னார்கோயில்னு மாவட்டம் முழுக்க அலையணும், தினமும் இவனையே பாக்க முடியாது.

பெருசா ஒண்ணும் கேக்கல. வாய்தாவுக்குப் போன நாள்ல ஆப்சென்ட் போட்டு எல்லார் முன்னாடியும் எங்கடா போனன்னு கேக்காதீங்க. விட்டுப்போன பாடத்த சொல்லிக் குடுக்க ஒரு டீச்சர ஒதுக்குங்க. தனித்தேர்வரா எழுதிக்கட்டும்னு சொல்றது சுலபம், பாடம் நடத்த யாரும் இல்லாம ஹால் டிக்கெட்ட மட்டும் வச்சு அவன் என்ன எழுதுவான்?

எஸ்எம்சில (பள்ளி மேலாண்மைக் குழு) இருக்கறவங்க அடுத்த கூட்டத்துல இதப் பேசுங்க. முதுநகர் பக்கம் அப்படி ஒரு பையன் இருந்தா என்கிட்ட அனுப்புங்க, கணக்கும் சயின்ஸும் காசு வாங்காம சொல்லித் தரேன், எங்க இருந்து வந்தன்னு கேக்க மாட்டேன்.