என் 17-க்கு ஓட்டுப் போடாதீர்கள்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மண்டபச் சண்டையும் ஆரம்பித்துவிடும். போன வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வருஷம் வேட்பாளர் பட்டியலில் நான் வளர்த்த 17-ஆம் நம்பர் ஆட்டக்காரனே இருக்கிறான். பேசித்தான் ஆகவேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டை, தென்காசி, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர் என்று சிதறிக் கிடக்கும் சில பேர் சேர்ந்து ஒரு ஹாக்கி லீக் நடத்துகிறோம். மட்டை கிடையாது, மைதானம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டருக்குள். அதுவும் கோவில்பட்டிக்காரர்கள் ஆடும் ஹாக்கி இல்லை. கனடாவில் சறுக்கிக்கொண்டே ஆடுகிறார்களே, அந்த ஐஸ் ஹாக்கி. எங்கள் பக்கம் ஐஸ் என்றால் நீண்டகரையிலிருந்து வரும் மீன் பெட்டியில் பார்ப்பதுதான். எங்களில் ஒருவர் டொரண்டோவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தார். அவர் கொண்டுவந்து ஒட்டவைத்த வியாதி இது.

ஆளுக்கு ஒரு அணி. அணியில் ஒரு ஆட்டக்காரனை நாமே உருவாக்கி வளர்க்கலாம். சறுக்கும் வேகம், பாஸ், ஷாட், தடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. வாராவாரம் கிடைக்கும் புள்ளிகளை எதில் போடுவது என்பது நம் பாடு. சனிக்கிழமை ராத்திரி லீக் நடத்துகிற அண்ணாச்சி பொத்தானை அமுக்குவார். மென்பொருள் ஆட்டத்தை ஆடி முடித்து, யார் அடித்தான், யார் எடுத்துக் கொடுத்தான், யார் பெனால்டியில் போய் உட்கார்ந்தான் என்று வரிவரியாகக் கக்கும். படம்கூடக் கிடையாது. அந்த வரிகளை வைத்துக்கொண்டு பிரானூர் பார்டரில் பரோட்டாவைப் பிய்த்தபடி நாங்கள் போடும் சத்தத்தில், பக்கத்து மேஜைக்காரர் ஒருத்தர் "எங்கண்ணே மேட்ச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த ஆட்டக்காரர்களுக்கும் வயதாகும். கால் தளரும், மதிப்பெண் குறையும், ஒரு நாள் ஓய்வு பெறுவார்கள். அதற்குப் பிறகுதான் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது ஓய்வு பெற்றவர்களில் சிறந்தவர்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும் இடம். எங்கள் குழுவில் அதற்குப் பெயர் மண்டபம். "உன் ஆளுக்கு மண்டபம் கிடைச்சுதா?" என்று கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் கல்யாணப் பேச்சு என்று நினைத்துக்கொள்வார்கள்.

விதிகளை டொரண்டோவில் இருக்கும் நிஜ ஹாலைப் பார்த்துத்தான் எழுதினோம். அங்கே தேர்வுக் குழுவில் 18 பேர். 14 பேர் ஓட்டுப் போட்டால்தான் உள்ளே. ஒரு வருஷத்தில் ஆண் ஆட்டக்காரர்கள் நாலு பேருக்கு மேல் கிடையாது, பெண்கள் இரண்டு பேருக்கு மேல் கிடையாது. ஓய்வு பெற்று மூன்று வருஷம் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பை இதுவரை பத்துப் பேருக்குத்தான் தள்ளுபடி செய்திருக்கிறார்கள், கடைசியாக 1999-இல் கனடாவின் நட்சத்திர ஆட்டக்காரர் வெய்ன் கிரெட்ஸ்கிக்கு. நாங்களும் நாலில் மூன்று பங்கு ஓட்டு என்று வைத்துக்கொண்டோம். விதியில் ஒரு கோளாறும் இல்லை. ஓட்டுப் போடுகிறவன் எதைப் பார்த்துப் போடுகிறான் என்பதில்தான் எனக்குப் பிரச்சினை.

எங்கள் ஆட்கள் மொத்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். எத்தனை கோல், எத்தனை அசிஸ்ட் (அடுத்தவன் கோலுக்கு எடுத்துக் கொடுத்தது), கூட்டினால் எவ்வளவு. எக்ஸலில் மேலிருந்து கீழே வரிசைப்படுத்தி முதல் நாலு பெயரை எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். அப்படி வரிசைப்படுத்தினால் என் 17-ஆம் நம்பர்தான் உச்சியில் நிற்பான். அவனை விட்டால் வேறு யார் என்று குழுவில் ஏற்கெனவே வாழ்த்துப் படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் இந்தப் பதிவு.

என் தாத்தா திருவிதாங்கூர் பிரஜை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாகாணத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தாத்தா எதையும் சக்கரத்தில்தான் சொல்வார். சக்கரம் என்பது திருவிதாங்கூர் காசு. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அவர் "நூறு சக்கரம்" என்றால் வாயைப் பிளப்போம். மனசுக்குள் வகுத்துப் பார்த்தால் மூன்றரை ரூபாய்தான் தேறும். எங்கள் லீக்கில் முதல் மூன்று சீசன் கோல்கள் எல்லாம் சக்கரம். இப்போது அடிக்கிற கோல் ரூபாய். இரண்டையும் ஒரே பையில் போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஏன் என்று சொல்கிறேன். தொடக்கத்தில் எங்களுக்கு ஆள் போதவில்லை. பாதி அணிகளில் கோல்கீப்பரை உருவாக்க ஆளில்லாமல், மென்பொருளே கொடுத்த பொம்மை கீப்பரை நிறுத்தியிருந்தோம். போன வாரம் மின்சாரம் போன ஒரு ராத்திரியில், லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜை வைத்துக்கொண்டு மூன்றாவது சீசனின் பழைய கோப்புகளைத் திறந்தேன். என் 17 அடித்த கோல்களை ஒவ்வொன்றாக, எதிரே நின்ற கீப்பர் யார் என்று பார்த்து, பக்கத்தில் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பொம்மைப் பக்கம் கோடு நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. ஆள் நின்ற கீப்பர் பக்கம் ஒரு வரியில் அடங்கிவிட்டது. நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தச் சீசன் முடிந்தபோது ஊரையே ஜெயித்த மாதிரி குழுவுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தவன் நான்.

இது எங்கள் லீக்கின் வியாதி மட்டும் இல்லை. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி அமெரிக்காவை 24-1 என்று அடித்ததைப் பள்ளிக்கூடத்திலிருந்தே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ரூப் சிங் மட்டும் பத்து கோல், அவர் அண்ணன் தியான் சந்த் எட்டு. ஆனால் அந்த ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆட வந்ததே மூன்று நாடுகள்தான். இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அமெரிக்காவுக்கு வெண்கலம் கிடைத்தது. இதைச் சொல்வதால் தியான் சந்த் சின்னவர் ஆகிவிடமாட்டார். 1936-இல் பெர்லினில், ஜெர்மானியர்களின் சொந்த மண்ணில், இறுதி ஆட்டத்தில் 8-1 என்று ஜெயித்தார்களே, நான் தூக்கிவைத்துப் பேசுவது அதைத்தான். எட்டு இருபத்துநாலைவிடப் பெரியது. எக்ஸலுக்கு அது தெரியாது.

ஐஸ் ஹாக்கியிலும் இதே கதைதான். 1981-82-இல் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணியும் சேர்ந்து சராசரியாக எட்டு கோல் அடித்தார்கள். 2003-04-இல் அது ஐந்து சொச்சம். அந்த எட்டு கோல் காலத்தில்தான் கிரெட்ஸ்கி ஒரே சீசனில் 92 அடித்தார். சரி, அப்போ கிரெட்ஸ்கியும் சக்கரம்தானா என்று கேட்பீர்கள். இல்லை. வாழ்நாளில் அவர் எடுத்துக்கொடுத்த அசிஸ்ட் மட்டும் 1963. பட்டியலில் இரண்டாவதாக நிற்கும் யாரோமிர் யாகரின் கோலையும் அசிஸ்ட்டையும் சேர்த்துக் கூட்டினாலே 1921. கோலை மொத்தமாகத் தள்ளிவிட்டாலும் கிரெட்ஸ்கிதான் முதல். அதே சீசனில் அதே கீப்பர்களுக்கு எதிராக ஆடிய மற்றவர்களைவிட எவ்வளவு உயரத்தில் நின்றான் என்று பார்க்கவேண்டும். என் 17-ஐ அப்படி நிறுத்திப் பார்த்தால், அந்த மூன்று சீசனில் அவனைப் போல இன்னும் நாலு பேர் இருந்தார்கள். பொம்மைகள் போனபிறகு நல்ல ஆட்டக்காரன்தான், மறுக்கவில்லை. மண்டபத்து ஆள் இல்லை.

அப்போ யார்? இதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

ஆரியங்காவில் லாட்டரிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருத்தன் எங்கள் லீக்கில் இருக்கிறான். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி நின்றுபோனதிலிருந்து இந்தப் பக்கத்து ஆட்கள் மலையேறிப் போய் டிக்கெட் வாங்குகிறார்களே, அந்த மாதிரிக் கடை. அவன் உருவாக்கியவன் ஒரு டிஃபென்டர். புள்ளிகளை எல்லாம் தடுப்பிலும் சறுக்கலிலும் கொட்டினான். ஷாட்டில் ஒன்றுகூடப் போடவில்லை. குழுவில் கிண்டல் செய்தோம். "கோல் அடிக்காதவனை வச்சு என்னடே பண்ணப் போற?" என்று நானே கேட்டேன். கோல் பட்டியலில் அவனைத் தேடிப் பிடிக்கக் கீழே கீழே போகவேண்டும்.

ஆனால் அதே பழைய கோப்புகளில் இன்னொன்றும் பார்த்தேன். ஒவ்வொரு சீசனிலும் அதிக கோல் அடித்தவன் யாராக இருந்தாலும், இந்தத் தம்பியின் அணியோடு மோதிய ராத்திரிகளில் அவன் பெயர் வரிகளில் காணாமல் போயிருக்கிறது. என் 17 உட்பட. ஒரு ஆட்டத்தில் என் ஆள் மூன்று தடவை பந்தை, மன்னிக்கவும், பக் என்கிற ரப்பர் வட்டை வாங்கியிருக்கிறான். மூன்று தடவையும் அடுத்த வரி "பறிகொடுத்தார்" என்ற அர்த்தத்திலேயே முடிகிறது. பறித்தவன் பெயர் மூன்றிலும் ஒன்றே. அன்றைக்கு ராத்திரி நான் மென்பொருளைத் திட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

நிஜ ஆட்டத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ராட் லாங்வே. தைவானில் பிறந்த அமெரிக்கர். கிரெட்ஸ்கி கோலைக் குவித்துக்கொண்டிருந்த அதே 1983, 84-இல் அடுத்தடுத்து இரண்டு தடவை சிறந்த டிஃபென்டருக்கான நாரிஸ் கோப்பையை வாங்கினார். வாழ்நாள் முழுக்க என்ஹெச்எல்லில் அவர் அடித்த கோல் 51. அவரைக்கூட 2002-இல்தான் ஹாலுக்குள் விட்டார்கள். தடுக்கிறவனுக்கு எங்கேயும் தாமதம்தான். கோல்கீப்பர்களைக் கேளுங்கள். கண்ணூர்க்காரர் மானுவல் ஃபிரெடரிக் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய நம் ஹாக்கி அணியின் கீப்பர். வாழ்நாள் சாதனைக்கான தியான் சந்த் விருது அவருக்கு வந்தது 2019-இல். 47 வருஷம். இன்னொரு இந்திய கீப்பர், எர்ணாகுளத்துக்காரர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றதும் அவருடைய 16-ஆம் நம்பர் ஜெர்சியையே ஓய்வு கொடுத்து வைத்தார்கள் என்று கேட்டபோது, பரவாயில்லை, காலம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று தோன்றியது.

ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவு என்று அந்தத் தம்பியின் ஆள்மேல் ஒரு குறை சொல்கிறார்கள். வேலை அதிகமாகி, புள்ளி சேர்க்க முடியாமல், சீக்கிரமே ஓய்வு கொடுத்துவிட்டான், உண்மைதான். நிஜ ஆட்டத்தில் பாபி ஓர் என்ற டிஃபென்டர் என்ஹெச்எல்லில் ஆடியது மொத்தம் 657 ஆட்டம். முழங்கால் போய்விட்டது. அதற்குள் நாரிஸ் கோப்பையை வரிசையாக எட்டு தடவை வாங்கியிருந்தார். 1979-இல், 31 வயதில், காத்திருக்க வைக்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

இன்னொரு வேட்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாவது சீசன் இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிஷ கோல் அடித்தவனுக்கு அதற்காகவே மண்டபம் வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. அந்தக் கோல் எனக்கும் மறக்காது. ஆனால் மென்பொருளுக்குள் நடப்பது குலுக்கல். மதிப்பெண் கூடக் கூடச் சீட்டு கூடும், அவ்வளவுதான். ஒரு ஆட்டத்தில் யாருக்கு வேண்டுமானாலும் விழும். இதை லாட்டரித் தம்பியிடமே கேட்டேன். "அண்ணாச்சி, ஓணம் பம்பர் அடிச்சவனப் பாத்து நான் கைதட்டுவேன். அவன் கெட்டிக்காரன்னு சொல்ல மாட்டேன்" என்றான். 1972-இல் கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய தொடரில் கடைசி மூன்று ஆட்டத்திலும் வெற்றி கோலை அடித்தவர் பால் ஹெண்டர்சன். கனடாவே அவரைக் கொண்டாடுகிறது. டொரண்டோ ஹாலில் அவருக்கு இன்றுவரை இடமில்லை. அது கொஞ்சம் கொடுமைதான் என்று எனக்கே சில நாள் தோன்றும். ஆனாலும் என் ஓட்டு மாறாது.

ஆளை வளர்த்தவனின் குணத்தைப் பார்க்கவேண்டுமா என்றும் ஒரு கேள்வி. பாதியில் அணியை அம்போ என்று விட்டுவிட்டுப் போனவர் ஒருத்தர் இருக்கிறார், பெயர் வேண்டாம். அவருடைய ஆட்டக்காரனின் கணக்கு பிரமாதம். அவர்மேல் உள்ள கோபத்தில் அவனைத் தள்ளிவிடலாம் என்கிறார்கள். அது தப்பு. வளர்த்தவனுக்குத் தண்டனை தர வேண்டுமென்றால் குழுவிலேயே தரலாம். மனிதர்களைக் கௌரவிக்கத்தான் டொரண்டோவில் நடத்துநர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்களே. அதில் போட எங்களுக்கும் ஆள் இருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் பொத்தான் அமுக்குகிற அண்ணாச்சி. ஒருமுறை எர்ணாகுளத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டே மடியில் லேப்டாப்பை வைத்து ஓட்டினார். ஆரியங்காவு தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் போனைப் பார்த்தபடி கொட்டக்கொட்ட விழித்திருந்தோம். பகவதிபுரம் வந்துதான் முடிவு வந்தது. நான் தோற்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியோடு ஓட்டு முடிகிறது. எழுதி அனுப்பிவிட்டேன்: ஆட்டக்காரர் இடத்தில் லாட்டரித் தம்பியின் டிஃபென்டர், நடத்துநர் இடத்தில் அண்ணாச்சி. மிச்ச இடங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். நாலு இடம் இருக்கிறது என்பதற்காக நாலையும் நிரப்பவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. என் 17-க்குத்தான் போடுவேன் என்று இன்னும் அடம்பிடிக்கிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். மூன்றாவது சீசன் கோப்புகளை அனுப்பி வைக்கிறேன். நோட்டும் பேனாவும் உங்களுடையது.